ஒரு லோடுக்கு இரண்டு லாரி

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆர்டர் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. மற்றபடி ஊசி வெடிக்கே காதைப் பொத்துகிற வீரன் நான்.

எங்கள் சர்வர் உட்கார்ந்த இடத்தில் பதில் சொல்வதோடு நிற்காது. ஆர்டர் உறுதியானதும், தானே கிளம்பிப் போய் லாரி ஆபீஸ் சர்வரிடம் ஒரு வண்டி கேட்கும். பதில் வரும்வரை காத்திருக்கும். எவ்வளவு நேரம் என்று நாம் சொல்லாவிட்டால் அது பாட்டுக்கு நின்றுகொண்டே இருக்கும். பின்னால் வரிசையில் நிற்கிற வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதனால், கொஞ்ச நேரம் பார், பதில் இல்லையென்றால் இன்னொரு முறை கேள் என்று எழுதிவைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி நானே எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தீபாவளி சீசனில் ஒரு காலை, ஒரே லோடுக்கு இரண்டு லாரிகள் வந்து நின்றன. நாங்கள் முதலில் கேட்டபோதே அங்கே வண்டி போட்டுவிட்டார்கள். பதில்தான் ஆடி அசைந்து வந்திருக்கிறது. அதற்குள் எங்கள் சர்வர் மறுபடி கேட்க, மறுபடியும் ஒரு வண்டி.

முதல் லாரியில் பெட்டிகள் ஏறின. இரண்டாவது லாரியின் டிரைவர், வெம்பக்கோட்டையில் கிடைத்த லோடை விட்டுவிட்டு வந்தவர்.

"வரச் சொன்னீக, வந்தேன். இப்ப லோடு இல்லைங்கீக. வெளையாடுறீகளா?"

கொதித்துப்போய் லாரி ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு தடவ கேட்டீக, ரெண்டு வண்டி அனுப்புனோம்" என்றார் அங்கிருந்தவர்.

"ரெண்டுலயும் ஒரே ஆர்டர் நம்பர்தானங்க! அதப் பாக்க மாட்டீகளா?"

"எங்க சிஸ்டம் அதெல்லாம் பாக்காது சார்."

"வீட்டுக்கு வந்தவரு தண்ணி கேக்காரு. காதுல விழலையோன்னு இன்னொருக்கக் கேக்காரு. ரெண்டாவது செம்ப அவரு தலையிலயா ஊத்துவீக?"

போனை வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். என் புரோகிராம் யாரைப் பார்த்து வளர்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

முதலாளி வந்தார். "ஏம்ப்பா, பதில் வரலைன்னா ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதா?"

"கம்ப்யூட்டரே பாத்துக்கிடும்னு, லாரி ஆபீசுக்குப் போன் பேசிக்கிட்டிருந்த ஆள பில் போட அனுப்புனது நீங்கதான அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்கு அந்த நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிட்டது.

வெம்பக்கோட்டை லோடு அதற்குள் வேறு வண்டியில் போய்விட்டிருந்தது. தெரிந்த கம்பெனிகளிலெல்லாம் கெஞ்சிப் பார்த்தேன். எங்கேயும் லோடு இல்லை. டிரைவர் வெறும் வண்டியைத் திருப்பினார். என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அன்றைக்கே அந்த 'இன்னொரு முறை கேள்' வரியைப் பிடுங்கி எறிந்தேன். இப்போது பதில் வராவிட்டால், 'வண்டி போட்டார்களா தெரியவில்லை, போனில் கேட்கவும்' என்று திரையில் சிவப்பாக வரும்.

"பாக்க அசிங்கமா இருக்குப்பா, அத எடுத்துரு" என்றார் முதலாளி.

"எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. எடுத்துத்தான் ஆகணும்னா, அடுத்து வெறும் வண்டியோட நிக்கிற டிரைவர்ட்ட நீங்களே பேசிக்கிடுங்க."