அமைதியான ஊர் என்று நான்தான் சொன்னேன்

சினிமாவில் ஒலிப்பதிவாளரை எல்லாரும் திரும்பிப் பார்ப்பது ஒரே ஒரு சமயத்தில்தான், அதுவும் முறைப்பதற்காக. நடிகை அழுது முடித்து, கேமராமேன் கட்டைவிரலைத் தூக்கி, டைரக்டர் நெகிழ்ந்துபோய் நிற்கும் நேரம் பார்த்து, மூலையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் நான், "பின்னாடி குக்கர் விசில் விழுந்திருக்கு, ஒன் மோர்" என்பேன். பஸ் ஸ்டாண்டில் நின்று போன் பேசி, "என்னது, கேக்கலை, திரும்பச் சொல்லு" என்று கத்திய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதையே தொழிலாக வைத்துக்கொண்டவள் நான். என் மீது கொஞ்சம் இரக்கம் வைத்துப் படியுங்கள்.

நான் முதன்முதலாகத் தனியாக ஒலிப்பதிவு செய்தது நிரஞ்சன் எடுத்த படத்துக்கு. பெரிய கம்பெனி, பெரிய ஹீரோ எதுவும் கிடையாது. நண்பர்கள் சேர்ந்து எடுத்த காதல் படம். சென்னையில் டேட்டிங் ஆப் மூலம் சந்திக்கும் ஒருவனும் ஒருத்தியும் வேளச்சேரி ஃப்ளாட் ஒன்றில் பழகுகிறார்கள், பிரிகிறார்கள். அவ்வளவுதான் கதை. நடிக்கும்போது பேசுவதையே பதிவு செய்ய வேண்டும், டப்பிங் கூடாது என்பது என் பிடிவாதம். வேளச்சேரியிலோ நாங்கள் பார்த்த ஃப்ளாட்டுக்குப் பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. "வீட்டுக்குள்ள எடுக்கற சீனெல்லாம் எங்க ஊர்ல எடுக்கலாம். நெய்வேலி. ஊரே மரம்தான், சத்தமே இருக்காது. அப்பா அம்மா வடலூர்ல அக்கா வீட்டுக்குப் போறாங்க, குவார்ட்டர்ஸ் காலியாத்தான் இருக்கும்" என்று வாயை விட்டேன். அனுமதியும் முறைப்படி வாங்கிக் கொடுத்தேன். நிரஞ்சன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். சத்தம் சரியாக வரவில்லையென்றால் மொத்தப் படத்துக்கும் டப்பிங், டைட்டிலில் என் பெயர் வரவேண்டிய இடத்தில் வேறொருவர் பெயர்.

சங்கு

முதல் நாள், முதல் காட்சி. ஹீரோ ஆதியும் ஹீரோயின் மேகலாவும் எங்கள் வீட்டு சோபாவில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் தயங்கித் தயங்கி அவள் விரலைத் தொட்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்கிறான். அவன் சொல்ல வாயெடுத்தபோது நிலக்கரிச் சுரங்கத்துச் சங்கு ஊதியது. நிறுத்தி நிதானமாக, எல்லா பிளாக்குக்கும் கேட்கும்படி ஊதியது. நிரஞ்சன் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சங்கைக் கேட்டுத்தான் நான் பல் தேய்த்தேன், பள்ளிக்கூடம் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ஊரில் என்னென்ன சத்தம் வரும் என்று யோசித்துப் பார்த்தபோது அது மட்டும் நினைவுக்கே வரவில்லை.

பக்கத்து வீட்டு விஜயா அக்கா காம்பவுண்டு ஓரமாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நிரஞ்சன் அவரிடம் போய், "இந்தச் சத்தம் தினமும் வருமாக்கா?" என்று கேட்டான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தமா? ஷிப்டு மாறுறதுக்கு ஊதறாங்க தம்பி. அது ஊதலைன்னாதான் நாங்க பயப்படணும்."

எந்த யூனிட்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காட்சி முடிந்ததும் அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம். எடிட்டிங்கில் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே ஒட்டுப்போட அது தேவைப்படும். அந்த ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது, தும்மக் கூடாது. அன்று மாலை நான் சத்தமாக, "எல்லாரும் எழுந்து நில்லுங்க, ஒரு நிமிஷம் அமைதி" என்றேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். நிமிர்ந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம்.

விஜயா அக்காவின் கணவர் தனபால் அண்ணன் அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து வந்திருக்கிறார். சுரங்கத்தில் ஆபரேட்டர், யூனியனிலும் இருப்பவர். திறந்திருந்த கதவு வழியாக எங்களைப் பார்த்தவர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கேட்டருகே விறைப்பாக நின்றுவிட்டார். நான் "போதும், தேங்க்ஸ்" என்றதும் உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, "சுதா, யாரும்மா தவறிட்டாங்க? எந்த யூனிட்டு?" என்று என்னிடம் கேட்டார். யாரும் இறக்கவில்லை, இது அஞ்சலி இல்லை, வெறும் அமைதியைப் பதிவு செய்கிறோம் என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "எங்க கேட் மீட்டிங்குல ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு பாதியிலேயே முடிச்சிருவோம்மா. நீங்க முழுசா நிக்கவும், யாரோ பெரிய ஆளு போலன்னு நெனச்சேன்."

மூன்றாவது மாடி

படத்தில் அந்த ஃப்ளாட் மூன்றாவது மாடியில் இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் தரையோடு தரை. வெளியே நிற்கும் பலாமரம் தெரியாமலிருக்க ஜன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டி, பின்னால் விளக்குப் போட்டிருந்தோம். மேகலா கையில் சாலட் கிண்ணத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பி, "இவ்வளவு பேர் இருக்கற ஊர்ல எனக்குன்னு யாருமே இல்ல" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். உடனே துணி விலகியது. ஒரு பசு உள்ளே தலையை நீட்டி, கிண்ணத்தை மோந்து பார்த்து, வெள்ளரித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டது.

மேகலா நல்ல நடிகை. கண்ணீர் நிற்காமல் மீதி வசனத்தைப் பசுவிடமே சொல்லி முடித்தாள். நிரஞ்சன் 'கட்' சொல்ல மறந்து நின்றான். என் ஹெட்போனில் பசு மென்று விழுங்கும் சத்தம் அவ்வளவு துல்லியமாக விழுந்தது. அந்தப் படத்திலேயே சுத்தமான ஒலிப்பதிவு அதுதான். பசுவை ஓட்டிவிட வந்த தனபால் அண்ணன், இது மூன்றாவது மாடி என்று கேள்விப்பட்டதும் கொஞ்சம் யோசித்தார். "அப்ப லிப்ட் இருக்குன்னு ஒரு வசனம் சேத்துக்குங்க தம்பி."

நான்கு நாள்

கதையில் ஆதி திடீரென்று பேசுவதை நிறுத்திவிடுகிறான். மேகலா போனைப் பார்த்தபடியே நான்கு நாள் காத்திருக்கிறாள். அந்தக் காட்சியை எடுத்து முடித்த பிறகும் மேகலாவுக்கு அழுகை நிற்கவில்லை. டீ கொண்டுவந்த விஜயா அக்கா பதறிப்போய் என்னவென்று கேட்டார். "அவன் மெசேஜைப் பார்த்துட்டான்க்கா. ஆனா பதில் போடலை" என்றாள் மேகலா. "டபுள் டூட்டி பாத்துகினு இருப்பான், வுடு" என்றார் அக்கா. இல்லை, அவன் சும்மா வீட்டில்தான் இருக்கிறான். அவளைப் பிடிக்கவில்லை; அதை வாய்விட்டுச் சொல்லவும் மனமில்லை. சென்னையில் இது சகஜம் என்று மேகலா விளக்கினாள். அக்காவுக்கு அது செரிக்கவே இல்லை.

"எங்களுக்குக் கல்யாணமான புதுசுல அவரு நைட்டு ஷிப்டு, நானு கேன்டீன்ல காலை ஷிப்டு. அவரு வந்துகினு இருப்பாரு, நான் போய்கினு இருப்பேன். ரவுண்டானாவாண்ட சைக்கிள நிறுத்தி, 'சாப்ட்டியா'ன்னு ஒரு வார்த்த கேப்பாரு. அந்த ஒரு வார்த்தையிலயே ரெண்டு புள்ள பெத்துட்டோம்."

பேர் இல்லாத உறவு

கூரைத் தகரத்தில் ஒரு கிளை உரசி உரசி என் உயிரை வாங்கியது. அதை வெட்ட ஏழுமலை அண்ணன் வந்தார். குறிஞ்சிப்பாடிப் பக்கம், ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. வெட்டி முடித்துவிட்டு மானிட்டர் பக்கமாக நின்று பார்த்தவர், "இவங்க புருசன் பொண்டாட்டிங்களா?" என்று கேட்டார். இல்லை. "லவ்வருங்களா?" அப்படியும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நிரஞ்சனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. இந்தக் காலத்து உறவைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தான். அதற்குப் பேர் கிடையாது, வாக்குறுதி கிடையாது, அடுத்த மாசம் இருக்குமா என்று இருவருக்கும் தெரியாது, ஆனால் தினமும் சந்திக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் எல்லாமும் செய்கிறார்கள் என்றான்.

ஏழுமலை அண்ணன் கத்தியைத் துடைத்துப் பையில் வைத்தார். "பர்மனன்ட் ஆக்கறேன்னு யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, நாமளும் கேட்டுக்க முடியாது, ஆனா டெய்லி வந்துரணும். அப்படித்தானுங்களே?" என்றார். அப்படியேதான் என்றான் நிரஞ்சன். அவர் சிரிக்கவில்லை, அதனால் நாங்களும் சிரிக்கவில்லை. "எம் பெரிய பொண்ணு பொறந்ததுலேர்ந்து நானும் அந்த மாதிரி ஒண்ணுலதாங்க இருக்கேன்."

கடைசி டேக்

கடைசி நாள் கடைசிக் காட்சி. மேகலா பையை எடுத்துக்கொண்டு, "நான் கிளம்பறேன்" என்கிறாள். ஆதி பதில் சொல்லாமல் நிற்கிறான். நீண்ட அமைதி. அவள் போய்விடுகிறாள். அந்த அமைதிதான் இந்தத் தலைமுறையின் குரல் என்றான் நிரஞ்சன். மற்ற இடங்களில் ஒட்டுப்போட்டுத் தப்பிக்கலாம், இங்கே முடியாது. மதியச் சங்குக்குள் எடுத்தாக வேண்டும்; ஆதி அடுத்த பஸ்ஸில் சென்னைக்குப் போய் சீரியலில் நடிக்க வேண்டும். முதல் டேக்கில் குக்கர். அடுத்ததில் மீன்காரர். அதற்கடுத்ததில் குயில். நிரஞ்சன் என்னைப் பார்த்து, "டப்பிங்தான் போல" என்றான். நான் தனபால் அண்ணனிடம் ஓடினேன்.

யூனியன்காரரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் எப்படி நடக்கும் என்பதை அன்று பார்த்தேன். தெருவில் டிவி நின்றது, மிக்ஸி நின்றது. வண்டிகளை ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். அவரவர் கேட்டில் அவரவர் மௌனமாக நின்றார்கள். டேக் ஆரம்பித்தது. மேகலா, "நான் கிளம்பறேன்" என்றாள். ஹெட்போனில் அவள் மூச்சு கேட்டது, தாழ்ப்பாளில் அவள் விரல் படுவது கேட்டது, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் பதிவு செய்ததில்லை. கண் கலங்கிவிட்டது. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, காலையிலிருந்து அத்தனை டேக்கையும் கேட்டுப் பொறுமை இழந்திருந்த விஜயா அக்காவின் குரல் வெடித்தது: "இருன்னு சொல்லேன்டா, பாவி!"

ஆதி, அம்மாவிடம் அடி வாங்கிய பிள்ளை மாதிரி, திடுக்கிட்டு, "இரு" என்றான். மேகலா திரும்பிப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பை கையிலிருந்து விழுந்தது. சங்கு ஊதியது. ஆதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். என் பெயர் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு மைக்குகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். சில வாரம் கழித்து எடிட்டிங் அறையிலிருந்து அவன் போன் வந்தது. "அந்தக் குரலை எடுத்துட்டுப் போட்டுப் பார்த்தேன், சுதா. எடுத்துட்டா அவன் திடீர்னு ஏன் 'இரு'ங்கறான்னே புரியலை. டப்பிங் வேண்டாம். அந்த அக்கா முழுப் பேரு என்ன? உன் பேருக்குக் கீழ போடணும்."

சென்னையில்

சின்ன பிரிவ்யூ தியேட்டரில் படத்தைப் போட்டார்கள். விஜயா அக்காவும் தனபால் அண்ணனும் ஒரு டப்பா பலாச்சுளையோடு வந்திருந்தார்கள். ஏசியில் தியேட்டர் முழுக்கப் பலாப்பழ வாசனை. "இருன்னு சொல்லேன்டா, பாவி" என்ற இடத்தில் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. எங்களுக்கு முன் வரிசையில் தனியாக வந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. விளக்குப் போட்டதும் யார் அந்தக் குரல் என்று விசாரித்துக்கொண்டு அக்காவிடம் வந்தாள். "எங்க அப்பார்ட்மென்ட்ல பக்கத்து வீட்ல யார் இருக்காங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா. உங்கள மாதிரி யாராவது இருந்திருந்தா, போன மாசம் அவன் இருன்னு சொல்லியிருப்பான்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

விஜயா அக்கா அவள் கையில் இரண்டு பலாச்சுளையை வைத்தார். தன் பையைத் துழாவிப் போனையும் கண்ணாடியையும் வெளியே எடுத்தார். "அழுவாத. அவன் நம்பரச் சொல்லு."

இப்படிக் கூப்பிடாமலே பக்கத்து வீட்டிலிருந்து உள்ளே வரும் குரலுக்கு எங்கள் தொழிலில் இரைச்சல் என்று பெயர்; அதை நீக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.