ஜெனரலுக்கு ஒரு தோள் குறைந்தது

புதன், மாலை. லண்டன் ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, நடுவே ஒருமுறை மாறி, செவன் கிங்ஸில் இறங்கினேன். கட்டணம் கிட்டத்தட்டப் பதினான்கு பவுண்டு. திருச்சியில் தொடங்கிய பயணம். கால் வீங்கிச் செருப்பு இறுக்கியது. அன்ரன் அண்ணன் நிலைய வாசலில் மழையில் நின்றார். மன்னார்க்காரர். போர்க்காலத்தில் படகேறி வந்து, திருச்சியில் எங்கள் பக்கத்து வீட்டில் சில வருடம் இருந்தவர். இங்கே ஒரு பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறார்.

பாலம், கோட்டை, மியூசியம் எல்லாம் பார்க்கும் எண்ணத்தோடு வந்தேன். பார்த்தது ஒரு சவ அடக்கம்.

வியாழன், காலை. அண்ணனுக்குப் பங்குக் குருவிடமிருந்து தொலைபேசி வந்தது. பேசி முடித்தவர் தேநீரைத் தொடவில்லை.

"நாளைக்கு ஒரு அடக்கமாம். பெட்டி தூக்க ஒரு ஆள் குறையுதாம். ஃபாதர் என்னைக் கேக்கிறார்."

"யாருக்கு அண்ணே?"

"ஒரு தென் அமெரிக்காக்காரர். எங்கட கோயிலுக்கு வாறவர், கடைசி வாங்கில இருப்பார். ஆமியில ஜெனரலாம். இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

மன்னாரில் அண்ணனின் தமையனை விசாரணைக்கென்று இலங்கை இராணுவம் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பவே இல்லை.

"என்ன சொன்னீங்க?"

"அவரின்ர மகளை ஒருக்கால் பார்க்கோணும் எண்டன்."

பிற்பகலில் இரண்டு பஸ் மாறிப் போனோம். நான்காம் மாடியில் சின்ன வீடு. மகள் எலேனா, ஐம்பதைக் கடந்த பள்ளி ஆசிரியை. தன் நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அவர் சொன்ன கதை இது: அப்பா லாடம் அடிப்பவரின் மகன். பதினாறு வயதில் இராணுவப் பள்ளி. மலைகளில் சாலை போட்ட படைப்பிரிவில் வளர்ந்தார். வெள்ளத்தில் ஓர் ஊரையே படகில் மீட்டதற்குப் பதக்கம் பெற்றார். ஜெனரலானார். இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஒரு சுரங்க நகரம் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே வேலைநிறுத்தம் செய்தவர்களைச் சுட்டார்கள். ஆட்சி கவிழ்ந்ததும் குடும்பத்தோடு லண்டன். இங்கே இரவுக் காவலாளி வேலை, பிறகு நீண்ட நோய்.

அண்ணன் தன் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: சுடச் சொன்னது அவரா?

எலேனா பொய் சொல்லித் தப்பியிருக்கலாம்.

"ஆமாம்" என்றார். "நான் கேட்டால், உத்தரவு தலைநகரிலிருந்து வந்தது என்பார். அதற்கு மேல் பேசமாட்டார். கடைசி வருடங்களில் நான்தான் குளிப்பாட்டினேன். தினமும் மறுபடி கேட்க நினைத்தேன். களைத்துப் போய்விட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கண்ணாடியில் வழிந்த மழையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பிள்ளை ஒண்டையும் மறைக்கேல்லை. ஆனா என்னால தூக்க ஏலாது, தம்பி."

"நான் தூக்கவா?" யோசிக்கும் முன் வாயில் வந்துவிட்டது.

அண்ணன் இறங்குவதற்கு மணியை அழுத்தினார். "தூக்கு. நான் கோவிக்கமாட்டன்."

வெள்ளி, காலை. பூசைக்கு இரண்டு பெஞ்சு நிறையவும் ஆளில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் ஜெனரலின் நாட்டவர் சிலர், செத்துப்போனவர்களின் படங்களை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோஷம் எதுவும் இல்லை. பெட்டியின் பின்பக்கம் தோள் கொடுத்து வெளியே வந்தபோது அண்ணனைத் தேடினேன். அவர் வீதியைக் கடந்து அவர்களோடு நின்றிருந்தார். ஒரு கிழவிக்குக் குடை பிடித்திருந்தார். எலேனாவும் பார்த்தார். தலையை லேசாக அசைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஞாயிறு. ஊர் திரும்பும் நாள். இடையில் வந்த சனிக்கிழமையைத் தூங்கியே கழித்திருந்தேன். செவன் கிங்ஸ் நடைமேடையில் அண்ணன் கேட்டார்:

"பாரமோ?"

"இல்லண்ணே. நோயில கிடந்த உடம்பு. லேசாத்தான் இருந்துச்சு."

ரயில் வந்து நின்றது. என் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தார்.

"அந்தக் கிழவி, உனக்கு ஆர் இல்லாமல் போனது எண்டு கேட்டவ. அண்ணை எண்டன். பேரைக் கேட்டவ, சொன்னன். அவவுக்குச் சொல்ல வரேல்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினவ. இஞ்ச இத்தனை வருசத்தில ஒருத்தரும் பேரைக் கேக்கேல்லை, தம்பி."

"பேர் என்னண்ணே?"

"சூசைதாசன்" என்றார். கதவு மூடியது.