பாண் இல்லாத காலைகள்: பிலிமத்தலாவையிலிருந்து மடுல்கெல்ல வரை

நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் நான் மடுல்கெல்லவுக்குப் புறப்பட்டேன். என் ராத்தாவை வீட்டுக்கு அழைத்து வருவதற்காக. ராத்தா என்றால் எங்கள் வழக்கில் அக்கா. அவள் புருஷன், என் மச்சான், மடுல்கெல்ல கடைத்தெருவில் சின்னதாக ஒரு தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். போன வருஷம் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா நாட்களும் முடிந்துவிட்டன. பெருநாளும் கழிந்ததும் வாப்பா என்னைக் கூப்பிட்டு, "போய்க் கையோட கூட்டிக்கொண்டு வா. இனி அங்க அவளுக்கு என்ன ஈக்குது?" என்றார். தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. மச்சான் இருந்தபோதே கடை தள்ளாடியது. அவர் போனபின் மூடியிருக்கும் என்றே நாங்கள் நினைத்தோம். வருகிறேன் என்று மட்டும் ராத்தாவுக்கு ஒரு தபால் அட்டை போட்டேன்.

இந்த வழியில் போக எண்ணுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போலக் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. பேக்கரியில் சுடும் பாண் ஒரு துண்டு தின்றால் போதும், வயிறு ஊதி, அன்றைய பொழுது கெட்டுவிடும். சிறுவயதில் நான் எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது ஒரு நாட்டு வைத்தியர் கோதுமை மாவை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தினார்கள், தேறினேன். அதற்குள் உம்மா இறந்துவிட்டாள். அடுப்படி, பதினான்கு வயது ராத்தாவின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் கலியாணம் முடித்துப் போகும்வரை எங்கள் வீட்டுக்குள் கோதுமை மா நுழைந்ததில்லை.

அரிசி மாவில் தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தட்டிய ரொட்டி ஒரு நாள். குரக்கன் என்கிற கேழ்வரகுப் பிட்டும் வாழைப்பழமும் ஒரு நாள். அவித்த பாசிப்பயறு, ஈரப்பலா, வத்தாளங்கிழங்கு என்று மாறி மாறி வரும். மழை நாளில் தேங்காய்ப்பால் விட்ட கஞ்சி. இன்றைக்கு என்ன என்று தெரியாமல் எழும்புவதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் இருந்தது. அவள் போய் ஏழு வருஷம். வாப்பா பாணோடும் வாழைப்பழத்தோடும் காலையை முடித்துக்கொள்வார். நான் வேலைக்குப் போகும் வழியில் எங்கேயாவது பசியாறிக்கொள்வேன். கண்டியில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை.

அன்றைக்குக் காலை ஆறரை மணிக்கு வீட்டிலிருந்து இறங்கினேன். பிலிமத்தலாவை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சிங்களவர் ஒருவரின் கடையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும். துருவிய தேங்காயும் மிளகாய்ச் சம்பலும் வைத்து மூன்று சதம். சுடச்சுடத் தின்ன வேண்டும், ஆறினால் தொண்டையில் நிற்கும். பேராதனைச் சந்தியில் ரயில் மாற வேண்டியிருப்பதால் அங்கே பசியாறலாம் என்று நம்பி யாரும் பட்டினியாகப் போக வேண்டாம். அங்கே பாணையும் பனிஸையும் தவிர வயிற்றுக்கு நிற்கிற எதையும் நான் கண்டதில்லை. வாழைப்பழம் இருக்கும், அதுவும் சில நாள்தான்.

கண்டியில் அடுத்த ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. சந்தைப் பக்கம் நடந்தேன். வாசலில் ஒரு பெண் பானையில் இலைக்கஞ்சி விற்பாள். பச்சை அரிசியோடு இலைச்சாறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது, ஒரு கோப்பை இரண்டு சதம், கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு ஒன்றும் தருவாள். அதற்கு மேல் அப்பம் தின்ன ஆசையாக இருந்ததால் எங்கள் ஆட்களின் கடை ஒன்றில் ஏறினேன். இங்கே ஒரு எச்சரிக்கை. அப்பம் அரிசியில்தான் சுடுகிறார்கள் என்றாலும், சில கடைகளில் மா சீக்கிரம் புளிக்க வேண்டுமென்று பழைய பாண் துண்டை ஊறவைத்துக் கரைத்துவிடுவார்கள். கேட்காமல் தின்று நான் பட்டிருக்கிறேன். கேட்டேன்.

"நானா, அப்ப மாவுல பாண் போட்டீக்கா?" நானா என்றால் எங்களுக்கு அண்ணன்.

"இல்ல. கள்ளுல புளிக்க வெக்கிறதும் இல்ல. இளநிதான்," என்றார் கடைக்காரர். "ஏன் கேக்கிறீங்க, பத்தியமா?"

வயிற்றுக் கதையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஓரம் முறுகிய இரண்டு அப்பத்தைத் தானே எடுத்து வைத்தார். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் தின்னும்போது, நாளை மறுநாளிலிருந்து இப்படி ஊரான் கடையில் நின்று கேட்க வேண்டியதில்லை என்ற நினைப்புத்தான் அப்பத்தைவிட இனித்தது.

கண்டியிலிருந்து வத்தேகம வரை மாத்தளை ரயில். அங்கிருந்து பன்வில வழியாக மடுல்கெல்லவுக்கு ஏறக்குறைய பத்து மைல், மேடும் வளைவும். பஸ்ஸுக்கு முப்பது சதம் வாங்கினார்கள். பஸ் நிறைந்தால்தான் எடுப்பார்கள் என்பதால் புறப்படும் நேரத்தை நம்பாதீர்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடுத்தர வயதுச் சிங்களவர், ஐயா என்பதற்கு மட்டும் மாத்தயா என்று சொல்லித் தமிழ் பேசினார்.

"மாத்தயா எங்க போறது?"

மச்சானின் பெயரைச் சொல்லி, அவர் கடை இருந்த இடத்துக்கு என்றேன்.

"ஆ, அப்பக் கடை," என்றார். "நான் காலையில அங்கதான் சாப்பிடுறது."

"அந்தக் கடை மூடியாச்சே."

"யார் சொன்னது? ரெண்டு பொம்பளை நடத்துறது. ஒரு ஆள் உள்ளுக்கு, ஒரு ஆள் வெளியில. உள்ளுக்கு இருக்கிற ஆளை நாங்க கண்டது இல்ல. கை நல்ல கை."

அதற்குப் பிறகு வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தேயிலைச் சரிவுகள் அழகானவை என்று போய் வந்தவர்கள் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை.

கடையின் முன்பலகை திறந்திருந்தது. வெளியே ஒரு பெண் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். முத்தம்மா என்று பெயர். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஆள் குறைத்தபோது அவள் புருஷன் இந்தியாவுக்குப் போய்விட்டான், அவள் போகவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே, "வாங்க தம்பி, அக்கா மாதிரியே இருக்கீங்க. உள்ள போங்க, தேத்தண்ணி கொண்டாறேன்" என்றாள்.

கடைக்குப் பின்னால் சாக்குப் படுதாவுக்கு அப்பால் ராத்தா நின்றாள். மெலிந்திருந்தாள். கைகள் மட்டும் உரமேறியிருந்தன. என்னைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "வாப்பா நல்லா ஈக்கிறாங்களா?" என்றாள். அப்போதுதான் அவளுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்த மூட்டையைக் கண்டேன். கோதுமை மா.

அதில் பிழையொன்றும் இல்லை. மலையேறிப் போகிறவர்களுக்கு ரொட்டி வயிற்றில் நிற்கும், விலையும் மலிவு. ஆனாலும் அந்த மூட்டையை என்னால் பார்க்க முடியவில்லை. ராத்தாவின் அடுப்படியில் எனக்கு ஆகாதது ஒன்று சாவகாசமாகச் சாய்ந்து கிடந்தது. நான் இல்லாமல் ஏழு வருஷம் இங்கே ஒரு வீடு நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் என் கண் போன இடத்தைப் பார்த்தாள். "பயப்புடாத. ஒனக்கு வேற கல்லு, வேற சட்டி. நீ வாற எண்டு தெரிஞ்ச அண்டைக்கே எடுத்து வெச்சிட்டன்," என்றாள்.

மறுநாள் விடியும்போது கடை தொடங்கிவிட்டது. ராத்தா இடியப்பம் பிழிந்தாள், அப்பம் சுட்டாள், ரொட்டிக்கு மட்டும் முத்தம்மா மா பிசைந்தாள். சம்பலும் தேங்காய்ப்பால் சொதியும் முன்பே ஆகியிருந்தன. வெளியே தோட்டத்து ஆட்களும் வண்டிக்காரர்களும் நின்றார்கள். "முத்தம்மாக்கா, கூட ரெண்டு இடியப்பம் வைக்கச் சொல்லுங்க" என்று ஒரு குரல். "சொதி முந்தா நாள் மாதிரி இருக்கா?" என்று இன்னொரு குரல். படுதாவுக்கு இந்தப் பக்கம் ராத்தா சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

கூட்டம் கலைந்தபின் என் முன்னால் அரிசி ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வைத்தாள். நான் ஒரு துண்டு பிய்த்தேன். அந்தப் பச்சை மிளகாயும் தேங்காயும் வாயில் பட்டதும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"வாப்பா ஒன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, ராத்தா. ஒன்ட அறைக்குச் சுண்ணாம்பு பூசி ஈக்குது."

அவள் அடுப்பிலிருந்த விறகை வெளியே இழுத்தாள். "தெரியும். நேத்து ஒன் முகத்தப் பாத்த ஒடனே வெளங்கிச்சி."

"அங்க அடுப்பே பத்துறதில்ல."

"அத நெனச்சி நான் அழாத நாளில்ல தம்பி. நீ எங்க நிண்டு என்னத்தத் திங்கிறியோ எண்டு." இழுத்த விறகைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். "ஆனா நான் வரல்ல."

"ஏன்?"

"அங்க வந்தா வாப்பாட வீட்டுல ஒரு மூலையில புருஷன் இல்லாதவளா ஈப்பன். எல்லாரும் பாவம் பாவம் எண்டுவாங்க. இங்க நான் கடக்காரி. முத்தம்மாவும் என்ன நம்பித்தான் போகாம நிக்கிறா. அவர அடக்கினதும் இந்த மேட்டுலதான்."

முத்தம்மா படுதாவைப் பிடித்தபடி நின்றாள். "தம்பி, அக்காவ நான் போகச் சொல்லிட்டேங்க. பெருநாளுக்கு முந்தியே சொன்னேன். கேக்கல," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னோடு ராத்தா வந்துவிடுவாளோ என்று அவள் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

வற்புறுத்தலாம் என்றுதான் இருந்தேன். வாப்பாவின் வயதைச் சொல்லலாம், ஊர் என்ன பேசும் என்று சொல்லலாம், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் அதையெல்லாம் விட்டுவிட்டேன். மிச்ச ரொட்டியைத் தின்றேன். இன்னொன்று கேட்டேன். அவள் தட்டிப் போட்டாள்.

இன்னும் ஒரு நாள் தங்கிவிட்டுத் திரும்பினேன். வழிக்கு வாழையிலையில் இடியப்பம் கட்டித் தந்தாள். அதை வத்தேகம ஸ்டேஷன் பெஞ்சில் பிரித்து, ரயில் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றேன். ரயில் அன்றைக்குப் பிந்தியது. இன்னும் பிந்தினால் நல்லது என்றிருந்தது.

வாப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "எங்க அவ?" என்றார்.

"வரல்ல வாப்பா. கட நடத்துறா. நல்லா ஈக்கிறா."

அவர் கதிரையை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டு, அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் போனார். கோபமென்று நினைத்தேன். அடுத்த மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தானே ரயிலேறிப் போய்விட்டார். நான்கு நாள் கழித்து வந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே, "அப்பம் நல்லம்" என்றார். அவளை அழைப்பதைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. அவளுக்கென்று சுண்ணாம்பு பூசிய அந்த அறையில் இப்போது நெல் மூட்டை கிடக்கிறது.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி மழை ஓய்ந்தபின் போங்கள், பாதை காய்ந்திருக்கும். காலையில் நல்ல குளிர் என்பதால் போர்வை அவசியம். சில்லறைக் காசு நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கோதுமை ஆகாதவர்கள் வழிக்கென்று அவித்த பயறும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துப் போவது நல்லது. அப்பத்துக்கு மட்டுமல்ல, இடியப்பத்துக்கும் மா என்னவென்று கேளுங்கள், சில இடங்களில் அவித்த கோதுமை மாவைக் கலக்கிறார்கள். ரொட்டி சுட்ட கல்லிலேயே உங்களுக்கும் சுட்டால் வேண்டாமென்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். வீட்டில் தினசரிக்கு என்றால் நான் மேலே சொன்னவற்றை மாற்றி மாற்றிச் செய்தாலே ஒரு வாரம் ஓடிவிடும். இப்போது நானே செய்கிறேன். அரிசி ரொட்டி மட்டும் இன்னும் ஓரத்தில் வெடிக்கிறது.

மடுல்கெல்லவில் இறங்கினால் அப்பக் கடை எங்கே என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். எட்டு மணிக்குள் போங்கள், பிறகு ஒன்றும் மிஞ்சாது. பிலிமத்தலாவையிலிருந்து வருவதாக முத்தம்மாவிடம் சொன்னால் படுதாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும், அவள் தம்பி காலையில் என்ன தின்கிறான் என்று. நன்றாகத் தின்கிறான் என்று சொல்லுங்கள். நம்பமாட்டாள். இருந்தாலும் சொல்லுங்கள்.