தனக்கோடி ஊற்றிய பேன்கேக்

புருஷன் செத்தும் தனக்கோடி கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்க ஒரே பேச்சு. கல்நெஞ்சுக்காரியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகிறவர்கள் எல்லாம் உத்தமிகளா? நான் லீனா, அவளுக்கு எதிர் வீடு, பிளவுஸ் தைக்கிறவள். ஊர் வாயை மூட முடியாது. அதனால் தையல் மெஷினைக் கொஞ்சம் சத்தமாக ஓட்டினேன்.

தனக்கோடிக்கு மாநகராட்சியில் தெரு கூட்டும் வேலை. விடிவதற்கு முன்பே மல்லேஸ்வரத்துக்குப் போய்விடுவாள். அவள் புருஷன் முனிராஜும் மல்லேஸ்வரத்தில்தான் வேலை பார்த்தான், காலேஜ் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கஃபேயில் சமையல். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு, அவளுக்கு அரை நாள் வேலை. அன்றைக்குக் காலையில் மகள் சோனியாவுக்கு அவன் வீட்டிலேயே பேன்கேக் செய்வான். கடையில் விற்கும் பாக்கெட் மாவைத் தொடமாட்டான். மைதாவைச் சலித்து, முட்டை உடைத்து, பால் ஊற்றி, வெண்ணெய் உருக்கி எல்லாம் அவனே கலப்பான். ஒன்றைத் தட்டு போட்டு மூடி தனக்கோடிக்கு வைப்பான். மத்தியானம் அவள் வந்து, "ஒங்க ரெண்டு பேரு மிச்சத்தத் தின்ன நான்தான் கெடைச்சனா?" என்று அதையும் மகள் பக்கம் தள்ளிவிடுவாள். அவன் சிரிப்பான். சண்டை போடத் தெரியாத மனுஷன்.

அந்த மனுஷன்தான் வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்தது.

அடக்கம் ஆன அன்றைக்கே முனிராஜின் அக்கா அன்னம்மாள் தோசைக்கல்லை எடுத்துப் பரண்மேல் கவிழ்த்து வைத்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை அந்த வீட்டு அடுப்பில் கல் ஏறக்கூடாது, தாளிக்கக்கூடாது, முட்டை, கறி கூடாது. அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். நாங்களும் கொடுத்தோம். தயிர்ச்சோறு, ரசம், இட்லி என்று வீடு நிறையப் பாத்திரம். தனக்கோடி யார் என்ன கேட்டாலும் "ம்" என்பாள். குளி என்றால் குளித்தாள், உட்கார் என்றால் உட்கார்ந்தாள். யாரோ சாவி கொடுத்து விட்டது மாதிரி நடமாடிக்கொண்டிருந்தாள்.

கவலை அவளைப் பற்றி இல்லை, சோனியாவைப் பற்றி. அந்தக் குழந்தை சோற்றை வாயிலேயே வைக்கவில்லை. இரண்டு வாய் மோர் குடித்தால் பெரிய விஷயம். சனிக்கிழமை கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நாளைக்கும் சாப்பிடவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்பனைத் தூக்கிக்கொண்டு போன அதே ஆஸ்பத்திரி வாசலுக்கு மகளையும் கொண்டுபோவதா? டாக்டரம்மா சொன்னதற்கும் தனக்கோடி "ம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இட்லி கொண்டுபோனேன். சோனியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னதான் கண்ணு வேணும் ஒனக்கு?"

"பேன்கேக்."

"நான் எங்க வீட்ல செஞ்சி எடுத்தாரேன், இரு."

"வேணாம் ஆன்ட்டி. எங்க வீட்லதான் செய்யணும். எங்கப்பா கல்லுல."

அன்னம்மாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "தீட்டு வீடுடா செல்லம். காரியம் முடியட்டும், அத்தை செஞ்சி தர்றேன்" என்றாள்.

தனக்கோடி எழுந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து தோசைக்கல்லை இறக்கினாள்.

"ஏன் தனம், என்னா பண்றே? எந் தம்பி போயி இன்னும் காரியம்கூட ஆவல."

"ஆவல அண்ணி."

"அப்பறம் கல்ல ஏத்துறியே. அவன் ஆத்துமா சாந்தியா போவ வேணாமா?"

"அவரு புள்ள பட்டினியா கெடக்குது அண்ணி." குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு என்னிடம், "லீனாக்கா, ஒங்க வூட்ல முட்டை இருக்குதா?" என்றாள்.

நான் முட்டையை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தேன். சந்தில் எத்தனை கண்ணு.

கலக்குவதை சோனியாதான் பக்கத்தில் நின்று சொன்னாள். தனக்கோடி தோசை மாவு மாதிரி அடித்து அடித்துக் கலக்கினாள். "ரொம்பக் கலக்காதம்மா, கட்டி கொஞ்சம் இருக்கணும்" என்றாள் குழந்தை. கல் காய்ந்தது. தனக்கோடி ஒரு கரண்டி ஊற்றினாள். ஊற்றியதும் கை தானாகக் கரண்டியின் அடியால் வட்டமாகத் தேய்த்துவிட்டது. நம் பெண்களில் யார் கையாக இருந்தாலும் அதைத்தான் செய்யும். மாவு மெல்லிசாகப் பரவி, திருப்பும்போது கிழிந்து கல்லிலேயே ஒட்டிக்கொண்டது.

"தேய்க்கக் கூடாதும்மா. ஊத்திட்டு அப்படியே வுட்டுடணும்."

அடுத்ததை ஊற்றிவிட்டு, கரண்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சும்மா நிற்பது அவளுக்குப் பழக்கமே இல்லாத காரியம். மாவின் மேல் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்தன. "இப்ப திருப்பு" என்றாள் சோனியா. திருப்பினாள். பொன்னிறமாகத் தடிமனாக எழும்பி வந்தது. வீடு முழுக்க அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை வாசனை. நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

சோனியா அதைத் தட்டில் வாங்கினாள். சாப்பிடப் போகிறாள் என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளோ இன்னொரு தட்டை எடுத்துக் கவிழ்த்து மூடி ஓரமாக வைத்தாள்.

"ஏண்டி, சாப்புடு" என்றாள் தனக்கோடி.

"இது ஒனக்கு."

"எனக்கு மிச்சம் இருந்தா போதும். நீ தின்னு."

"மிச்சம் இல்லம்மா. மொதல்ல நல்லா வர்றது அம்மாவுக்கு, அப்பறம்தான் நமக்குன்னு அப்பா சொல்லுவாரு. அத மூடி வெக்காம எனக்குத் தரவே மாட்டாரு."

தனக்கோடி கரண்டியைக் கீழே வைத்தாள். "எப்பவுமேவா?"

"எப்பவுமே. நீதான் தின்னதே இல்ல."

அடுத்தது வெந்ததும் சோனியா நின்றபடியே பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள். சூடு பொறுக்காமல் ஊதி ஊதித் தின்றாள். இன்னொன்று கேட்டாள். அதையும் தின்றாள். அன்னம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தை வயிறு நிறைந்து என் மடியில் சாய்ந்த பிறகுதான் தனக்கோடி அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்து அந்த மூடிய தட்டைத் திறந்தாள். ஆறிப்போயிருந்தது. இத்தனை நாளில் அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து வைத்த எங்களில் ஒருத்தியும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு விள்ளல் பிய்த்து வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றாள். அழவில்லை. கடைசித் துண்டு வரை தின்றுவிட்டுக் காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவரு இருக்கசொல்ல ஒரு நாளாவது தின்னிருக்கலாம்க்கா" என்றாள்.