பச்சை விளக்கை நம்பாதவர்

பேகம்பேட் மண்டபத்தில் என் அண்ணன் மகளின் கல்யாணத்தை நேரலையாக அனுப்ப வந்திருந்தார், அந்த நரைத்த மீசைக்காரர். மேடைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். படத்தை இணையத்துக்கு அனுப்பும் என்கோடர் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தும், சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அண்ணனைப் போனில் கூப்பிடும்படி என்னிடம் சொன்னார்.

“அனுப்பிட்டேன்னுதான் பெட்டி சொல்லும். வந்துச்சான்னு பார்க்கிறவரைக் கேளுங்க சார்.”

“ஒண்ணுமே வரலைடா!” என்றார் அண்ணன். மாப்பிள்ளை கையில் தாலி.

படம் எந்த லிங்குக்குப் போக வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும் குறியீடான ஸ்ட்ரீம் கீயை, முந்தின நாள் வேறொரு வீட்டுக் கல்யாணத்தில் போட்டதிலிருந்து மீசைக்காரர் மாற்றாமல் விட்டிருந்தார். படம் அந்த வீட்டு லிங்குக்குப் போய்க்கொண்டிருந்தது.

“ஐயரே, நக்கோ! இப்போ கட்ட வேணாம்!” என்று கத்தினார் மீசைக்காரர்.

தாலியோடு மாப்பிள்ளையின் கை பாதியில் நின்றது. சம்பந்தி கோபமாக எழுந்தார். மீசைக்காரர் திரும்பாமல் புதிய கீயை அடித்தார்.

“தெரியுதுடா...” அண்ணனின் குரல் உடைந்தது. கெட்டிமேளம் கொட்டியது.

தவறு அவருடையதுதான். ஆனால், முகூர்த்தத்தை நிறுத்தும் துணிச்சல் பெண்ணின் சித்தப்பாவான எனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.