எலும்புப் படம்

ஆஸ்பத்திரியை விட்டு இறங்கித் துறைமுகச் சாலையில் பாதி தூரம் நடந்த பிறகுதான், அம்மாவுக்கென்று வாங்கிய ஆப்பிள் பை இன்னும் என் கையிலேயே தொங்குவதைப் பார்த்தேன். திரும்பிப் போகவில்லை. நிலக்கரி லாரிகள் தூசியை இறைத்துப் போயின. ஒரு பழத்தைச் சட்டையில் துடைத்துத் தின்றுகொண்டே நடந்தேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி. முதலில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். வரிசையில் நின்று சீட்டு வாங்கினேன். டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்து மாத்திரை கொடுத்தார், தரையில் சம்மணமிட்டு உட்காராதீர்கள் என்றார். வலி பாதி குறைந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைத்ததை என்னவென்று சொல்லிக்கொள்வது?

தம்பிக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை, அம்மா உட்பட அவன் வீட்டில் எல்லோருக்கும் மருத்துவ அட்டை; ஆஸ்பத்திரிச் செலவைத் துறைமுகமே கட்டிவிடும். நான் உப்பளம், லாரி, ஐஸ் பிளாண்ட் என்று எதிலும் மூன்று மாதம் தங்கியவனில்லை. அவன் அம்மாவைத் தனியார் ஆஸ்பத்திரியில், ஏசி அறையில் சேர்த்து, முட்டியை ஸ்கேன் எடுத்தான். அன்று ஆப்பிளோடு நான் போனபோது, பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு அம்மா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“இங்கன பாருளா, எம் எலும்பு. சின்னவன் எடுத்துத் தந்தான்.”

“பெரியவன் என்ன செஞ்சான்?” நான் நிற்பது தெரிந்தேதான் கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

“அவன் மாத்திர வாங்கிக் குடுத்தான்.”

எனக்குப் பற்றி எரிந்தது. அந்நேரம் உள்ளே வந்தவர் பெரியாஸ்பத்திரியில் பார்த்த அதே டாக்டர். மாலையில் இங்கே பார்க்கிறார். எழுதியிருந்ததும் அதே மாத்திரை. ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னார். அத்தோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் பின்னாலேயே வராந்தாவுக்குப் போய், இதைவிடப் பெரிய ஸ்கேன், உடம்பு முழுக்க எடுக்கிற மாதிரி, இருக்கிறதா என்று கேட்டேன்.

“முட்டி வலிக்கு அது எதுக்குய்யா?”

தம்பி எடுத்ததைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கவுண்டரில் போய் விலையைக் கேட்டேன். கேட்டதும் அப்படியே படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் காலை இறால் கம்பெனி வாசலில் நின்றேன். மேஸ்திரி கூலியைச் சொல்ல ஆரம்பித்தார்.

“கூலி இருக்கட்டும் அண்ணாச்சி. மருத்துவ அட்டை உண்டுமா? எங்கம்மா பேரச் சேக்கலாமா?”

“ஆறு மாசம் ஒழுங்கா நின்னா சேக்கலாம். நிப்பியாலே?”

ரப்பர் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போனேன்.