டெல்மர் ஸ்ப்ராட்லி தன்மேல் போட்டுக்கொண்ட பிழை

வியாழக்கிழமை மாலை நாலு பத்துக்கு ஓபல் தொலைபேசியில் அழைத்தாள். "இமோஜீன், டெல்மர் ரெண்டு மணிக்குப் போயிட்டாரு. மோர் கேட்டாரு. கொண்டுட்டு வர்றதுக்குள்ள..." என்றாள். பிறகு, "நீ மதியம் ஏதாவது சாப்டியா?" என்று கேட்டாள். புருஷனைப் பறிகொடுத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் தப்பியதில்லை.

நாளை நாஷ்வில் பத்திரிகையில் 'கழுதைப் பாட்டுக்காரர் மறைந்தார்' என்று போடுவார்கள். அது பொய்யில்லை. 1959 முதல் பதினோரு வருடம் பர்டெட் இசைத்தட்டு நிறுவனத்துக்கு டெல்மர் பாடிக் கொடுத்தவை பெரும்பாலும் சிரிப்புப் பாட்டுகள். பாதிரியாரின் சேவல், மாமியாரின் பிஸ்கட், நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன கோவேறு கழுதை. கிழக்கு டென்னசியில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவரை ஊரறியச் செய்தவை அவைதான். மூன்று பெண்களைப் படிக்க வைத்தவையும் அவைதான்.

நான் கல்லூரி முடித்துவிட்டு அந்த அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இசைத்தட்டின் நடுவே ஒட்டும் வட்டக் காகிதம் எந்தப் பக்கத்துக்கு எது என்று அச்சுத் தொழிற்சாலைக்கு எழுதி அனுப்புவது என் பொறுப்பு.

டெல்மரிடம் ஒரு மெதுவான பாட்டு இருந்தது. அவருடைய அண்ணன் ஹாய்ட், கார் தொழிற்சாலை வேலைக்கு டெட்ராய்ட் போனவர், திரும்பவே இல்லை. அம்மா மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவருக்கும் சேர்த்துத் தட்டு வைத்துக்கொண்டே இருந்தார். அதுதான் பாட்டு. ஆறு வருடமாக அதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஜனங்க உன்கிட்ட சிரிக்க வர்றாங்க. அழணும்னா சர்ச்சுக்குப் போவாங்க" என்பார் முதலாளி பர்டெட்.

1965 ஜூனில் அந்தக் கழுதைப் பாட்டைப் பதிவு செய்தார்கள். மூன்று மணி நேரத்தில் நாலு பாட்டு முடிய வேண்டும். தாண்டினால் வாத்தியக்காரர்களுக்குக் கூடுதல் சம்பளம். மூன்றுதான் முடிந்திருந்தது, ஐந்து நிமிடம் மிச்சம். பேஸ் வாத்தியம் வாசித்தவர் எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தின் மேல் தன் தொப்பியை மாட்டினார். "இப்ப மணி எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் ஹாய்ட்டின் தட்டுப் பாட்டு பதிவானது. முதலாளியும் போனால் போகிறது என்று அதைக் கழுதைப் பாட்டின் பின்பக்கம் போடச் சம்மதித்தார். பின்பக்கத்தை ரேடியோக்காரர்கள் கேட்பதே இல்லை.

இரண்டு பக்கங்களின் பதிவு எண்களையும் நான் மாற்றித் தட்டச்சு செய்துவிட்டேன். கழுதையின் பெயரும், 'இதை ஒலிபரப்பவும்' என்ற நட்சத்திரக் குறியும் மெதுவான பாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு முந்நூறு வானொலி நிலையங்களுக்குப் போயின.

ஆகஸ்ட் ஆரம்பத்தில் முதல் அழைப்பு பதூக்கா ஊர் வானொலியிலிருந்து வந்தது. காலை நிகழ்ச்சி நடத்துகிறவர். "ஏம்மா, உங்க கழுதைக்கு என்ன ஆச்சு? எல்லாரும் சிரிச்சுக்கிட்டே எந்திரிங்கன்னு சொல்லிட்டுப் போட்டேன். பால் வண்டிக்காரர் ஃபோன் பண்ணி அழறாரு."

டெல்மரின் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிவதாக இருந்தது. புதுப்பிக்கும் காகிதம் கையெழுத்தாகாமல் முதலாளி மேசையில் கிடந்தது. அந்த அறையில்தான் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். நான் வாய் திறப்பதற்குள் டெல்மர் சொன்னார்: "நாந்தான் மாத்தச் சொன்னேன் முதலாளி. பொண்ணு மேல தப்பில்ல."

"நீ சொன்னா அவ செஞ்சிருவாளா?"

"மிரட்டுனேன்."

"எதக் காட்டி?"

"கழுதையக் காட்டி."

முதலாளி சிரிக்கவில்லை. காகிதத்தை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். மறுபடி பெட்ரோல் போடப் போக வேண்டியதுதான் என்று டெல்மருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் பேசவில்லை. அந்த வேலை போனால் வாடகைக்கு வழியில்லை.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ தப்பு பண்ணலேன்னா எங்கம்மா வச்ச தட்ட யாரு பாத்திருப்பா தங்கச்சி? வாயால நன்றி சொன்னா நீ அழுவ. அதான் இப்படி" என்றார்.

இசைத்தட்டு பெரிதாக விற்கவில்லை. ஆனால் கடிதங்கள் வந்தன. மகன் வெளியூர் போன வீடுகளிலிருந்து, கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில், பென்சிலில். இருபத்தேழாவது கடிதத்தை முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் இழுப்பறையைத் திறந்து இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "இசைத்தட்டுக்கு ஒரு கண்ணீர்ப் பாட்டு. பின்பக்கம்தான். நட்சத்திரம் கழுதைக்குத்தான்" என்றார். அந்த ஐந்து வருடத்தில் டெல்மர் அப்படிப் பதினான்கு பாட்டுப் பாடினார். பர்டெட் கடைசிவரை அவரைத்தான் குற்றவாளி என்று நம்பினார். அந்தக் குற்றவாளி காப்பாற்றிக் கொடுத்த வேலையில்தான் நான் வாழ்ந்தேன்.

இந்த வருடம் ஒரு நிறுவனம் அந்தப் பாட்டுகளையெல்லாம் சேர்த்து மறுபடி வெளியிடுகிறது. கூட வரும் சிறு புத்தகத்துக்கு ஒவ்வொரு இசைத்தட்டைப் பற்றியும் டெல்மர் தொலைபேசியில் சொல்ல, நான் தட்டச்சு செய்து வந்தேன். 1965 ஜூன் வந்ததும், "பக்கம் மாறியது டெல்மர் ஸ்ப்ராட்லியின் வேலைன்னு போடு" என்றார்.

"அது உண்மையில்லையே."

"இருபத்திநாலு வருஷமா என் பேர்ல இருக்கு. பழகிப்போச்சு. புடுங்காத."

ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் உண்மையைப் போடச் சம்மதம் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் இயந்திரத்தில்தான் இருக்கிறது. அவர் பெயரின் மேல் கோடு போட்டு அடித்துவிட்டேன். என் பெயரை இன்னும் தட்டச்சு செய்யவில்லை.